ஜீவ் மில்கா சிங்: மொத்த வெற்றி 14-ஆ, 13-ஆ? படிப்பகப் பலகைக்கு உதவி வேணும்

#1 தண்டையார்பேட்டை வாசகன்

வணக்கம். படிப்பகத்துச் சுவர்ல விளையாட்டுக்கு ஒருத்தர்னு பலகை எழுதி மாட்டுறோம். கேரம் பலகை முடிஞ்சுது: மரிய இருதயம், 1991, 1995 உலக சாம்பியன், 1996 அர்ஜுனா விருது. அடுத்தது கோல்ஃப். ஜீவ் மில்கா சிங்னு முடிவாச்சு.

கைல இருக்கிற கணக்கு இது (டூர்னா ஒரு சங்கம் வருஷம் முழுக்க நடத்துற போட்டித் தொடர்). யூரோப்பியன் டூர் வெற்றி 4, ஆசியன் டூர் வெற்றி 6, ஜப்பான் டூர் வெற்றி 4. கூட்டினா 14. ஆனா போட்டிகளை ஒண்ணொண்ணா எண்ணினா 13 தான் வருது. மூணு எண்ணும் சரிதான்னு பார்த்தாச்சு. எது இடிக்குது? பெயின்ட்ல எழுதப் போறதால திருத்த முடியாது, அதான் இங்க கேக்குறேன்.

#2 காசிமேடு கணக்கு

மூணு எண்ணும் சரி. கூட்டினதுதான் தப்பு.

2006 ஏப்ரல்ல பெய்ஜிங்ல நடந்த வோல்வோ சைனா ஓபனை யூரோப்பியன் டூரும் ஆசியன் டூரும் சேர்ந்து நடத்துனாங்க. ஜெயிச்சவருக்கு ரெண்டு டூரும் ஆளுக்கு ஒரு வெற்றி போட்டுக்கும். ஏலத்துல ஒரே கூடை வஞ்சிரத்தை ஏலக்காரர் நோட்டுலயும் எழுதுவாங்க, படகு ஓனர் நோட்டுலயும் எழுதுவாங்க. ரெண்டு நோட்டும் சரி. ஆனா ரெண்டையும் கூட்டிட்டு ரெண்டு கூடை வந்துச்சுன்னு சொல்ல முடியாதே.

அதனால 4 + 6 + 4 − 1 = 13. பலகைல 13 போடுங்க.

ஒரு எச்சரிக்கை. 2008 சிங்கப்பூர் ஓபனையும் இதே மாதிரி கழிச்சு 12-னு கொண்டு வந்துடாதீங்க. அந்த வருஷம் அது ஆசியன் டூர் போட்டி மட்டும்தான். யூரோப்பியன் டூர் அதுல சேர்ந்தது அடுத்த வருஷத்துலேர்ந்து. போட்டி பேரைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது, அந்த வருஷம் யார் யார் சேர்ந்து நடத்துனாங்கன்னு பாக்கணும்.

#3 எண்ணூர் முகத்துவாரம்

அப்போ நம்ம கேரம் காசிமா 2024-ல அமெரிக்கால ஜெயிச்ச மூணு தங்கமும் இதே மாதிரி ஒண்ணுதானா? அதுவும் ஒரே போட்டில வந்ததுதானே.

#4 புதுவண்ணை கேரம்

இல்ல தம்பி, அது வேற. காசிமாவோட மூணு தங்கம் தனிநபர், இரட்டையர், குழுன்னு மூணு தனிப் பிரிவு. மூணுக்கும் தனித்தனியா உக்காந்து காய் அடிச்சு ஜெயிச்சது. மூணையும் மூணுன்னுதான் எண்ணணும். ஜீவ் பெய்ஜிங்ல ஆடுனது ஒரே நாலு நாள் ஆட்டம், அதை ரெண்டு சங்கம் பதிஞ்சுக்கிச்சு.

எத்தனை தடவை ஆடி ஜெயிச்சாங்கன்னு கேட்டுப் பாரு. அந்தப் பதில்தான் எண்ணிக்கை. எத்தனை பேர் பதிஞ்சாங்கன்றது நமக்குத் தேவையில்ல.

#5 பெரம்பூர் லோகோ

காசிமேட்டுத் தம்பி சொன்னதற்கு இன்னும் பெரிய உதாரணம் டைகர் வுட்ஸ். அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூரில் 82 வெற்றி, அதில் அவர் சாம் ஸ்னீடுக்குச் சமம். யூரோப்பியன் டூர் பட்டியலில் 41 வெற்றி. அவர் வருடம் முழுக்க ஐரோப்பாவில் சுற்றிய ஆட்டக்காரர் அல்ல, பிறகு 41 எங்கிருந்து வந்தது? மேஜர் எனப்படும் நான்கு தலையாய போட்டிகளும், முன்பு நடந்த உலக கோல்ஃப் சாம்பியன்ஷிப் வரிசைப் போட்டிகளும் இரண்டு டூரின் கணக்கிலும் ஏறும். டைகருக்கு மேஜர் 15, உலக சாம்பியன்ஷிப் வரிசை 18. இந்த 33-ம் இரண்டு பக்கமும் இருக்கிறது. யூரோப்பியன் டூருக்கு மட்டுமே உரிய வெற்றி மீதி 8. ஆக, இந்த இரண்டு டூரையும் சேர்த்து எண்ணினால் 123 வராது, 90 தான் வரும்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. நாளைக்கு யாராவது பலகையைப் பார்த்து, “நான் படித்தபோது 14 என்று இருந்ததே” என்று கேட்பார்கள். பதில் பலகையிலேயே இருக்க வேண்டும். டூர் கட்டத்தில் “யூரோப்பியன், ஆசியன்” என்று இரண்டு பெயரையும் எழுதிவிட்டால் போதும்.

#6 வியாசை பதிமூணு

மொத்தம் 13-ன்னு பெரிசா எழுதினா முக்கியமான விஷயம் மறைஞ்சு போயிடும் தல. வருஷ வாரியாப் பாருங்க:

2006: வோல்வோ சைனா ஓபன் (பெய்ஜிங்), வோல்வோ மாஸ்டர்ஸ் (ஸ்பெயின், வால்டெர்ராமா), காசியோ வேர்ல்டு ஓபன் (ஜப்பான், கோச்சி), நிப்பான் சீரிஸ் ஜே.டி. கப் (டோக்கியோ)

2007: ஒண்ணும் இல்ல

2008: பேங்க் ஆஸ்திரியா ஓபன் (வியன்னா பக்கம்), நகாஷிமா ஷிகேயோ இன்விடேஷனல் (ஹொக்கைடோ), சிங்கப்பூர் ஓபன் (செந்தோசா), திரும்பவும் ஜே.டி. கப்

2012: ஸ்காட்டிஷ் ஓபன் (இன்வெர்னஸ் பக்கம், காசில் ஸ்டூவர்ட்)

ஒன்பது வெற்றி, மூணே வருஷத்துல. மீதி நாலும் 1990-கள்ல, ஆசியன் டூர்ல. கடைசியா 1999-ல லெக்ஸஸ் இன்டர்நேஷனல் ஜெயிச்சதுக்கு அப்புறம் 2006 வரைக்கும் இந்த டூர் கணக்குல ஒரு வரிகூட ஏறல. ஆறு வருஷத்துக்கு மேல! அப்புறம் 34 வயசுல ஒரே வருஷத்துல நாலு. 1971 டிசம்பர்ல பிறந்தவர், கூட்டிப் பாருங்க.

என்னைக் கேட்டா இந்த வெறும் இடைவெளிதான் பலகைல தெரியணும். 13-ன்னு ஒரு எண்ணைப் போட்டுட்டா வருஷத்துக்கு ஒண்ணா ஜெயிச்ச மாதிரி தோணும்.

#7 காசிமேடு கணக்கு

வியாசை சொல்றது சரி. ஒண்ணு சேர்த்துக்கறேன்: 2006-ல காசியோவும் ஜே.டி. கப்பும் அடுத்தடுத்த வாரம். வோல்வோ மாஸ்டர்ஸ் அக்டோபர் கடைசி. அதாவது நாலுல மூணு வெற்றி சுமார் ஆறு வாரத்துக்குள்ள வந்தது, ரெண்டு கண்டத்துல.

#8 தண்டையார்பேட்டை வாசகன்

எல்லாருக்கும் நன்றி. டூர் கட்டம் முடிஞ்சுது. அடுத்த கேள்வி: ஸ்கோருக்கு ஒரு கட்டம் வைக்கலாமா? வோல்வோ மாஸ்டர்ஸ் 282, ஆஸ்திரியா 198, சிங்கப்பூர் 277, ஸ்காட்லாந்து 271-னு குறிச்சு வெச்சிருக்கேன். பசங்க பார்த்தா எது நல்ல ஆட்டம்னு புரியுமே.

#9 பெரம்பூர் லோகோ

வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் கட்டம் தப்பான பாடம் சொல்லும்.

கோல்ஃபில் அடி குறைந்தால் நல்லது. அப்படியானால் 198 தான் மிகச் சிறந்தது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். ஆஸ்திரியாவில் மழையால் ஒரு சுற்று நீக்கப்பட்டு, போட்டி 54 குழியோடு முடிந்தது. 198 என்பது மூன்று சுற்றின் கணக்கு. மற்றவை எல்லாம் நான்கு சுற்று, 72 குழி. இரண்டையும் ஒரே கட்டத்தில் கீழும் மேலுமாக எழுதக் கூடாது.

இரண்டாவது, பார் கணக்கு. பார் என்றால் ஒரு குழிக்கோ சுற்றுக்கோ இத்தனை அடி என்று வைத்திருக்கும் அளவு. வால்டெர்ராமாவில் ஒரு சுற்றுக்குப் பார் 71. நான்கு சுற்றுக்கு 284. ஜீவ் அடித்தது 282, அதாவது பாருக்கு இரண்டு மட்டுமே குறைவு. காசில் ஸ்டூவர்ட்டில் பார் 72, நான்கு சுற்றுக்கு 288. அவர் அடித்தது 271, பதினேழு குறைவு. எண்ணை மட்டும் பார்த்தால் ஸ்காட்லாந்து ஆட்டம் ஒப்பில்லாதது, ஸ்பெயின் ஆட்டம் சுமார் என்று தோன்றும். உண்மை வேறு. வால்டெர்ராமாவில் கார்க் ஓக் மரங்கள் வழியை நெருக்கி நிற்கும், குழி இருக்கும் புல்தரைகளான கிரீன்கள் சிறியவை, காற்று திசை மாறிக்கொண்டே இருக்கும். அங்கே பந்தை வழியில் வைப்பதே பெரும் பாடு. அந்த 282-க்குப் பின்னால் ஒரே அடி வித்தியாசத்தில் நின்றவர்கள் செர்ஜியோ கார்சியா, லூக் டொனால்டு, பாட்ரிக் ஹாரிங்டன். வருடக் கடைசியில், பணப்பட்டியலில் முன்னணியில் இருந்தவர்களை மட்டுமே அழைத்து நடத்திய போட்டி அது. ஜீவின் வெற்றிகளில் எனக்கு முதலிடம் அதற்குத்தான்.

ஸ்கோர் எழுதியே ஆக வேண்டும் என்றால் பாருக்கு எத்தனை குறைவு, எத்தனை சுற்று என்று இரண்டு கட்டம் கூடுதலாக வேண்டும். பலகையில் இடம் இருக்காது.

#10 வியாசை பதிமூணு

லோகோ ஐயா சொன்னதை ஒத்துக்கறேன். ஸ்கோரை விட யாரைத் தள்ளி ஜெயிச்சாருன்றதுதான் எடை சொல்லும். சிங்கப்பூர்ல ஒரு அடி பின்னாடி நின்னது எர்னி எல்ஸும் பாட்ரிக் ஹாரிங்டனும். ஹாரிங்டன் அந்த 2008-ல பிரிட்டிஷ் ஓபன், பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்னு ரெண்டு மேஜர் ஜெயிச்சவர்.

#11 எண்ணூர் முகத்துவாரம்

ஸ்காட்லாந்துல மோலினாரியும் 271 தானே? ரெண்டு பேரும் ஒரே அடின்னா ஜீவ் எப்படி தனியா ஜெயிச்சவர் ஆனாரு? சமன்னு போடணும் இல்ல?

#12 காசிமேடு கணக்கு

முதல் இடத்துக்கு மட்டும் சமன் கிடையாது தம்பி. பிளேஆஃப் ஆடுவாங்க. அன்னைக்கு, 2012 ஜூலை 15, ஜீவ் கடைசிச் சுற்றுல 67 அடிச்சு முன்னாடியே முடிச்சுட்டார். மோலினாரி முன்னிலைல கிளம்பி 72 அடிச்சு 271-க்கு வந்து நின்னார். பிளேஆஃப்ல முதல் குழிலயே ஜீவ் பர்டி (பாரை விட ஒரு அடி குறைவு) போட்டு முடிச்சார். அந்த பிளேஆஃப் அடிகள் 271-ல சேராது. அதனால பதிவேட்டுல ரெண்டு பேருக்கும் 271 தான் இருக்கும், ஒருத்தருக்கு 1, இன்னொருத்தருக்கு 2. “பிளேஆஃப்”னு ஒரு சொல் பக்கத்துல இல்லன்னா யார் பார்த்தாலும் எழுத்துப் பிழைன்னுதான் நினைப்பாங்க.

ரெண்டாம் இடத்துலேர்ந்து கீழ சமன் உண்டு. அங்கதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க. வால்டெர்ராமால மூணு பேர் சமமா ரெண்டாவது. அப்போ மூணு பேருக்கும் “டி2”. அடுத்து வர்றவர் 3 இல்ல, 5. ஏன்னா 2, 3, 4-ங்கிற மூணு இடத்தையும் இவங்க எடுத்துக்கிட்டாங்க. பணமும் அப்படித்தான் பிரியும். கணக்குக்கு ஒரு உதாரணம்: ரெண்டாம் பரிசு 90 ரூபா, மூணாவது 60, நாலாவது 45-ன்னா, மூணையும் கூட்டி 195, மூணால வகுத்து ஆளுக்கு 65. ரெண்டாவது வந்தும் 90 கிடைக்காது. அதனால பரிசுப் பணத்தை வெச்சு ஒருத்தர் எத்தனாவது வந்தாருன்னு பின்னாடிலேர்ந்து கண்டுபிடிக்கப் பாத்தா கணக்கு உதைக்கும்.

#13 புதுவண்ணை கேரம்

பணம்னு வந்ததால சொல்றேன், “வாழ்நாள் வருமானம்”னு ஒரு வரி போடற எண்ணம் இருந்தா விட்டுடுங்க. யூரோப்பியன் டூர் யூரோல எழுதும், ஜப்பான் யென்ல, ஆசியன் டூர் டாலர்ல. எந்த நாள் மாற்று விலைல கூட்டுவீங்க? 1995 டாலரும் 2012 டாலரும் ஒண்ணா?

ஆர்டர் ஆஃப் மெரிட், அதாவது சீசன் பணப்பட்டியல் வரிசை, மட்டும் போடலாம். அது அந்தந்த சீசனுக்குள்ளயே ஆட்டக்காரரை ஆட்டக்காரரோட ஒப்பிட்டு முடியுற கணக்கு. ஆசியன் டூர் ஆர்டர் ஆஃப் மெரிட்ல ஜீவ் 2006, 2008 ரெண்டு தடவை முதலிடம். வெற்றி குவிஞ்ச அதே ரெண்டு வருஷம்னு வரிசையிலேயே தெரியும்.

#14 எண்ணூர் முகத்துவாரம்

உலக ரேங்க்? 28-ன்னு பார்த்தேன்.

#15 பெரம்பூர் லோகோ

2009-ல் தொட்ட உச்சம் அது. போடலாம், ஆனால் வருடத்தோடு போட வேண்டும். உலக ரேங்க் ஒரு வெற்றியைப் போல நிலைத்து நிற்பதில்லை.

கணக்கு இப்படி. ஒவ்வொரு போட்டிக்கும் புள்ளி உண்டு. அந்தப் புள்ளி முதல் 13 வாரம் முழு மதிப்போடு நிற்கும். அதன்பின் வாரா வாரம் சமமாகத் தேய்ந்து, 91 வாரத்தில் காணாமல் போகும். மொத்தம் இரண்டு வருடம். பிறகு மிச்சமிருக்கும் புள்ளிகளை ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். இங்கே இரண்டு வரம்பு: 40-க்குக் குறைவாக ஆடியிருந்தாலும் 40-ஆல் தான் வகுப்பார்கள், 52-க்கு மேல் ஆடியிருந்தால் கடைசி 52 மட்டுமே எடுத்துக்கொள்வார்கள்.

இருவர் 120 புள்ளி வைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 போட்டி ஆடியவருக்கு 120-ஐ 40-ஆல் வகுத்து 3.0. 48 போட்டி ஆடியவருக்கு 2.5. ஒரே புள்ளி, வேறு வேறு ரேங்க். காயத்தால் ஆறு மாதம் உட்கார்ந்தவருக்குப் பழைய புள்ளி தேய்ந்துகொண்டே போகும், வகுக்கும் எண்ணோ 40-க்குக் கீழே இறங்காது. ரேங்க் சரிவதற்கு மோசமாக ஆட வேண்டியதே இல்லை, ஆடாமல் இருந்தாலே போதும். ஜீவின் ரேங்க் 2009-க்குப் பிறகு இறங்கியதைப் பார்த்து “ஆட்டம் போயிடுச்சு” என்று எழுதுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

#16 தண்டையார்பேட்டை வாசகன்

ரேங்க்குக்கு ஒரே வரி, வருஷத்தோட. ஸ்கோர் கட்டம் எடுத்தாச்சு.

கீழ சில சிறப்பு வரிகள் போடலாம்னு இருக்கேன். “மேஜர் போட்டியில் இந்தியரின் சிறந்த இடம்: 2008 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், டி9.” “யூரோப்பியன் டூரில் அதிக வெற்றி பெற்ற இந்தியர்.” “மாஸ்டர்ஸ் ஆடிய முதல் இந்தியர், 2007.” சரியா?

#17 வியாசை பதிமூணு

மூணாவது மட்டும் சரி (அந்த மாஸ்டர்ஸ் அமெரிக்கால நடக்கிற மேஜர், வோல்வோ மாஸ்டர்ஸ் இல்ல). முதல் ரெண்டும் பழசு.

2008-ல ஓக்லண்ட் ஹில்ஸ்ல டி9 வந்தது உண்மை, அப்போ அது இந்தியருக்கு உச்சம். 2015 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்ல அனிர்பன் லாஹிரி டி5 வந்துட்டார். யூரோப்பியன் டூர்ல நாலு வெற்றியை எஸ்.எஸ்.பி. சௌராசியா 2017-ல எட்டிட்டார்: 2008, 2011, 2016, 2017.

பெயின்ட் பலகைக்கு ஒரு விதி வெச்சுக்கங்க: “முதல்”னு வர்றதை எழுதலாம், “அதிகம்”, “சிறந்த”னு வர்றதை எழுதக் கூடாது. முதல்ல போனவர் எப்பவும் முதல்ல போனவர்தான். அதிகம்ங்கிறதை நாளைக்கே இன்னொருத்தர் தாண்டிடுவார், பலகை பொய் சொல்லிக்கிட்டே தொங்கும்.

நிலைச்சு நிக்கிற “முதல்” ரெண்டு இருக்கு. யூரோப்பியன் டூர்ல உறுப்பினரான முதல் இந்தியர், 1997 தகுதிச் சுற்று வழியா 1998 சீசன்ல. மாஸ்டர்ஸ் ஆடிய முதல் இந்தியர், 2007. ஆனா யூரோப்பியன் டூர்ல ஜெயிச்ச முதல் இந்தியர் ஜீவ் இல்ல, அர்ஜுன் அத்வால், 2002 சிங்கப்பூர் மாஸ்டர்ஸ். பி.ஜி.ஏ. டூர்ல ஜெயிச்ச முதல் இந்தியரும் அத்வால் தான், 2010 விண்டம் சாம்பியன்ஷிப். இந்த ரெண்டையும் ஜீவ் பேர்ல ஏத்தி எழுதறது அடிக்கடி நடக்குது.

#18 காசிமேடு கணக்கு

நாலுக்கு நாலுன்னு சொன்னாலும் சமம் ஆகாது. சௌராசியாவோட நாலும் இந்தியால: டெல்லியும் குர்கானும். ஜீவோட நாலு சீனா, ஸ்பெயின், ஆஸ்திரியா, ஸ்காட்லாந்து. புல்லு வேற, காத்து வேற, மண்ணு வேற. நாலு நாட்டுல நாலு விதமான மைதானத்துல ஜெயிச்சது ஒரு படி மேல.

#19 புதுவண்ணை கேரம்

அந்த ஒப்பீட்டுல எனக்குச் சம்மதம் இல்ல. சொந்த ஊர் மைதானம்னா சுலபம்னு யார் சொன்னது? டெல்லி கோல்ஃப் கிளப்ல ரெண்டு பக்கமும் புதர், வழி குறுகல், உள்ள போன பந்து திரும்பக் கிடைக்காது. நீளமா அடிக்கறவங்களே அங்க டிரைவர்ங்கிற நீள மட்டையைப் பைக்குள்ள வெச்சுட்டு இரும்பு மட்டைல அடிப்பாங்க. சௌராசியா நீளமா அடிக்கற ஆள் இல்ல, நேரா அடிக்கற ஆள். கிரீன் ஓரத்துக் குட்டி ஆட்டத்துல கெட்டிக்காரர். அப்பா ராயல் கல்கத்தா கிளப்ல புல் பராமரிக்கிறவர். அந்த வாசல்லேர்ந்து வந்து வெளிநாட்டுப் பெரிய பேர்களை நாலு தடவை தள்ளினவர். நம்ம பக்கத்துப் பசங்களுக்கு அந்தக் கதைதான் கிட்ட இருக்கும். அவருக்குத் தனிப் பலகை வைக்கணும். ஜீவ் பலகைல அவரைக் குறைச்சு ஒரு வார்த்தை வரக் கூடாது.

#20 காசிமேடு கணக்கு

அக்கா சொன்ன டெல்லி மைதானக் கணக்கு சரி. குறைச்சு எழுத மாட்டோம். நாடுகளோட பேர் இடம்ங்கிற கட்டத்துல தானா வந்துடும், அது போதும்.

#21 எண்ணூர் முகத்துவாரம்

ஜீவுக்கு 2021 டிசம்பர்லயே 50 முடிஞ்சுதே. சீனியர் டூர் ஆட்டமும் மொத்தத்துல சேரணுமா?

#22 பெரம்பூர் லோகோ

சேரக் கூடாது. தனி வரி. காரணம் தெரிய பெர்ன்ஹார்ட் லாங்கரைப் பாருங்கள். மூத்த ஆட்டக்காரர் ஒருவரின் பதிவேட்டை எப்படிப் படிப்பது என்று அவரிடம்தான் கற்க வேண்டும்.

யூரோப்பியன் டூரில் 42 வெற்றி, அவருக்கு மேலே செவே பாலஸ்டெரோஸ் மட்டுமே, 50. மாஸ்டர்ஸ் இரண்டு முறை, 1985, 1993. 1986 ஏப்ரலில் உலக ரேங்க் பட்டியல் முதன்முதலில் வந்தபோது முதலிடம் அவருக்கு. இது ஒரு பதிவேடு.

50 வயதுக்குப் பிறகு அமெரிக்காவின் சாம்பியன்ஸ் டூரில் 47 வெற்றி, அதில் அவருக்கு மேல் யாரும் இல்லை. ஹேல் இர்வின் வைத்திருந்த 45-ஐ அவர் தாண்டியது 2023 யு.எஸ். சீனியர் ஓபனில், 65 வயதில். 2024 பிப்ரவரியில் குதிகால் தசைநார் அறுந்தது. அதே ஆண்டு நவம்பரில், 67 வயதில், கடைசிக் குழியில் நீண்ட புட் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) போட்டு 47-ஆவது வெற்றி. 2007 முதல் 2024 வரை ஒரு வருடம்கூட வெற்றி இல்லாமல் போகவில்லை. பதினெட்டு சீசன்! இது இரண்டாவது பதிவேடு.

இரண்டையும் கூட்டி 89 என்று எழுதினால் இரண்டுமே கெடும். சீனியர் போட்டிகளில் பெரும்பாலானவை மூன்றே சுற்று, பாதியில் ஆட்களை வெளியேற்றும் கட் கிடையாது, எதிரில் நிற்பவர் எல்லோரும் 50 தாண்டியவர்கள். அதன் கடினம் வேறு: உடம்பு. முதுகு, மணிக்கட்டு, முழங்கால் மூன்றும் ஒரே வாரத்தில் ஒத்துழைக்க வேண்டும். லாங்கருக்குக் கூடுதலாகப் புட்டிங் நடுக்கமும் இருந்தது. குட்டி அடியில் கை தானாக உதறும், மூன்றடிப் பந்து குழியைத் தாண்டி ஓடும். அதற்காகப் பிடியை மாற்றினார், இடது முன்கையோடு புட்டர் எனும் உருட்டும் மட்டையின் தண்டைச் சேர்த்து வலது கையால் இறுக்கிப் பிடித்தார், பிறகு நீளப் புட்டருக்குப் போனார். 2016 தொடக்கத்தில் புட்டரை நெஞ்சில் ஊன்றி அடிப்பதை விதி தடுத்தது. அவர் நீளப் புட்டரை விடவில்லை, கையை நெஞ்சிலிருந்து விலக்கி வைத்து அடித்தார். அதற்குப் பிறகும் வெற்றிகள் வந்தன. 42-ம் 47-ம் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் நின்றால்தான் இது கண்ணில் படும்.

ஜீவ் பலகையிலும் அடியில் சீனியருக்கு ஒரு வரி காலியாக விடுங்கள்.

#23 கொருக்குப்பேட்டை பிரஷ்

எழுதற வேலைக்கு அளவு சொல்றேன். 6 அடிக்கு 4 அடி பலகைன்னா 72 அங்குலத்துக்கு 48 அங்குலம். மேல பேருக்கு 6 அங்குலம் விட்டா 42 அங்குலம் மிச்சம். வரிக்கு 3 அங்குலம், 14 வரி. எழுத்து உயரம் ஒண்ணரை அங்குலத்துக்கு மேல போகாதீங்க. தமிழ் எழுத்துக்கு மேல கொக்கி, கீழ வால் ரெண்டும் உண்டு. “கி”யோட சுழியும் மேல் வரி “கு”வோட வாலும் முட்டிக்கிட்டா தூரத்துலேர்ந்து படிக்க முடியாது. ரெண்டு அங்குலத்துல எழுதி முட்ட விடறதுதான் வழக்கமா நடக்கிற தப்பு.

ஸ்கோர் கட்டம் போயிட்டதால அகலம் தாராளம்: வருஷம் 8, போட்டி 28, இடம் 18, டூர் 18. சேர்த்தா 72. “நகாஷிமா ஷிகேயோ இன்விடேஷனல்” ஒரே வரில வராது, “நகாஷிமா ஷிகேயோ” போதும்.

பிளைவுட்டுக்கு முதல்ல பிரைமர், அது காஞ்சதும் மெல்லிசா உப்புத்தாள், அப்புறம் எனாமல் ரெண்டு கோட். முதல் கோட் முழுசா ஒரு நாள் காயணும். ஈரத்து மேல ரெண்டாவது போட்டா தோல் சுருங்கும். கடல் காத்து வர்ற இடம், ஓரத்தையும் பின் பக்கத்தையும் கண்டிப்பா அடிங்க. ஈரம் விளிம்பு வழியாத்தான் ஏறி பிளைவுட்டைப் பிரிக்கும். கோட்டுக்குச் சுண்ணாம்பு தடவின நூலைக் கட்டித் தட்டுங்க, பென்சில் வேணாம், எனாமல் மேல அது துடைச்சாலும் போகாது.

#24 தண்டையார்பேட்டை வாசகன்

14 வரி சரியா வருது அண்ணே. 2006-லேர்ந்து 9 வெற்றிக்கு 9 வரி. 1990-களோட 4 ஆசியன் டூர் வெற்றிக்கு ஒரே வரி. ரெண்டு “முதல்”, ஒரு வரி ஆர்டர் ஆஃப் மெரிட்டும் உச்ச ரேங்க்கும். கடைசி வரி சீனியருக்குக் காலி. அர்ஜுனா 1999, பத்மஸ்ரீ 2007 ரெண்டும் தலைப்புக்குக் கீழ சின்னதா.

#25 வியாசை பதிமூணு

2007-க்கு வரி?

#26 தண்டையார்பேட்டை வாசகன்

2006-க்கும் 2008-க்கும் நடுவுல தடிமனா ஒரு கோடு விடறோம். 1999-க்கும் 2006-க்கும் நடுவுல அதே கோடு ரெண்டு மடங்கு தடிமன்.

#27 பெரம்பூர் லோகோ

எழுதுவதற்கு முன் ஒருவர் படிக்க, இன்னொருவர் தாளில் டிக் போட வேண்டும். கோல்ஃபில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. ஆட்டக்காரரின் ஸ்கோரை அவர் எழுதுவதில்லை, கூட ஆடுபவர் எழுதுவார். ஆட்டக்காரர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். 1968 மாஸ்டர்ஸ் கடைசி நாளில் ராபர்டோ டி விசென்சோ 17-ஆவது குழியில் 3 அடித்தார். அட்டையில் 4 என்று எழுதப்பட்டது. அவர் பார்க்காமல் கையெழுத்திட்டார். அடித்ததைவிடக் கூடுதலாக எழுதிய எண்ணில் கையெழுத்திட்டால் அந்தக் கூடுதல் எண்ணே நிற்கும் என்பது விதி. 65 அடித்தவருக்கு 66. பிளேஆஃப் ஆடியிருக்க வேண்டியவர் ஒரு அடியில் ரெண்டாவது ஆனார், பாப் கோல்பி சாம்பியன். குறைத்து எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் ஆட்டத்திலிருந்தே நீக்கியிருப்பார்கள்.

குழிக்குக் குழி எண் சரியா என்பதுதான் ஆட்டக்காரர் பொறுப்பு, கூட்டல் நடத்துபவர்கள் பொறுப்பு. நீங்களும் மொத்தத்தைச் சரிபார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வரி வரியாகப் பாருங்கள்.

#28 கொருக்குப்பேட்டை பிரஷ்

சரிபார்க்கறதை கோடு தட்டின அன்னைக்கே, சாக்பீஸ்ல எழுதி வெச்சுப் பாருங்க. எனாமல் பட்டப்புறம் டர்பன்டைன் வெச்சுத் துடைச்சா கீழ் கோட்டும் சேர்ந்து வந்துடும்.

ஒரு கேள்வி: சைனா ஓபன் வரில ரெண்டு டூர் பேர் வருதே, 18 அங்குலத்தை ரெண்டாப் பிரிச்சு நடுவுல கோடு போடவா?

#29 காசிமேடு கணக்கு

கோடு போடாதீங்க அண்ணே. பிரிச்சா திரும்ப ரெண்டுன்னு எண்ணுவாங்க. ஒரே கட்டத்துல “யூரோப்பியன், ஆசியன்”.